ஒன்பது பங்கு தண்ணீர்

நான்காவது டம்ளரில் நனைத்த, அமிலம் பார்க்கும் தாள் பச்சையாக மாறியபோது மொட்டை மாடியில் யாரும் வாய் திறக்கவில்லை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஐந்து பேர், நான், ஒரு முறம் நிறையக் காயப்போட்ட மிளகாய். தாள் ஐந்து என்று காட்டும் என்று தண்ணீர்த் தொட்டியின் சிமென்ட் சுவரில் சாக்பீஸால் முன்கூட்டியே எழுதி, அதன் கீழே இரண்டு கோடும் போட்டு வைத்திருந்தேன். தாள் ஏழு என்றது.

"தவறாகிவிட்டதா மிஸ்?" என்று ஒருவன் கேட்டான். அவன் குரலில் கவலை கொஞ்சமும் இல்லை. சந்தோஷம்தான் இருந்தது.

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. சாலையில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுவது என் பிழைப்பு. வேதியியலில் பி.எஸ்சி. படித்தவள் என்பது கடைசியாகப் பயன்பட்டது என் கல்யாணப் பத்திரிகையில். ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்து மூன்று வருடம் ஆகிறது. அமிலங்கள், காரங்கள் பாடம் வரும்போது மட்டும் எனக்குத் தலைக்கனம் ஏறிவிடும். நம் பாடம் ஆயிற்றே என்று. அந்தத் தலைக்கனத்தை ஓர் எலுமிச்சம்பழம் இறக்கி வைத்த கதை இது.

பள்ளிப் புத்தகத்தில் பிஎச் அளவுக்கு, அதாவது ஒரு திரவம் எவ்வளவு அமிலம், எவ்வளவு காரம் என்று சொல்லும் எண்ணுக்கு, ஒரு வண்ணப்பட்டை இருக்கிறது. இடப்பக்கம் சிவப்பு, நடுவில் பச்சை, வலப்பக்கம் ஊதா. கீழே பூச்சியம் முதல் பதினான்கு வரை எண்கள். ஏழுக்குக் கீழே அமிலம், ஏழுக்கு மேலே காரம், ஏழு நடுநிலை. பிள்ளைகள் இதை வாய்ப்பாடு போல ஒப்பிப்பார்கள். அவர்களிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று: பிஎச் 3 உள்ள திரவத்துக்கும் பிஎச் 6 உள்ள திரவத்துக்கும் அமிலத்தன்மையில் எவ்வளவு வித்தியாசம்?

"மூன்று மிஸ்." "இரண்டு மடங்கு மிஸ்." ஒருத்தி மட்டும் யோசித்துவிட்டு, "ஆறுதானே பெரியது, அப்படியென்றால் ஆறுதான் புளிப்பு அதிகமா?" என்றாள்.

சரியான விடை ஆயிரம் மடங்கு. மூன்றுதான் அதிகப் புளிப்பு. இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். ஏன் நம்ப வேண்டும்? அந்தப் பட்டையில் கட்டங்கள் எல்லாம் ஒரே அகலத்தில்தானே இருக்கின்றன. ஸ்கேலில் ஒரு சென்டிமீட்டருக்கும் அடுத்த சென்டிமீட்டருக்கும் உள்ள தூரம் போலத்தான் ஒன்றுக்கும் இரண்டுக்கும் உள்ள தூரம் என்று எந்தப் பிள்ளையும் நினைக்கும். நானும் அப்படி நினைத்துத்தான் பத்தாம் வகுப்பைத் தாண்டினேன். மடக்கை, அதாவது லாகரிதம், மேல்வகுப்புக் கணக்கு. பிஎச் என்பது கீழ்வகுப்பு அறிவியல். இரண்டும் சந்திப்பதற்குள் பாதிப் பிள்ளைகள் காமர்ஸ் பக்கம் போய்விடுகிறார்கள்.

மடக்கை தெரியாமலேயே இதைச் சொல்ல முடியும் என்பது கணக்கு எழுதும் தொழில் எனக்குச் சொல்லித்தந்தது. அமிலத்தை அமிலமாக்கும் மின்னேற்றத் துகள் ஹைட்ரஜன் அயனி. ஒரு லிட்டர் திரவத்தில் அது எத்தனை மோல் (டஜன் போல வேதியியலில் எண்ணும் அளவு) இருக்கிறது என்று எழுதுங்கள். 0.01 என்றால், புள்ளிக்குப் பின்னால் ஒன்று எத்தனையாவது இடத்தில் நிற்கிறது? இரண்டாவது. பிஎச் இரண்டு. 0.001 என்றால் மூன்று. சுத்தமான தண்ணீரில், 25 டிகிரி வெப்பத்தில், 0.0000001. எண்ணிப் பாருங்கள், ஏழாவது இடம். அவ்வளவுதான். ஒன்று ஓர் இடம் தள்ளிப்போனால் தொகை பத்தில் ஒரு பங்காகிவிடும். எண் கூடக் கூட அமிலம் குறைவதன் மர்மமும் இதுதான். கல்லாப்பெட்டியில் ஒரு புள்ளியைத் தள்ளி வைத்தால் என்ன ஆகும் என்று எங்கள் முதலாளியைக் கேட்டால் தெரியும்.

இடையில் இருக்கும் தொகைகளுக்கு, 0.005 போன்றவற்றுக்கு, மடக்கை வேண்டும்தான். அது பிறகு வரட்டும்.

இந்த எழுத்து முறையைக் கொண்டுவந்தவர் சோரன்சென் என்ற டென்மார்க் வேதியியலாளர். 1909-ஆம் ஆண்டு, கோபன்ஹேகனில், பீர் காய்ச்சும் கார்ல்ஸ்பெர்க் நிறுவனத்தின் ஆய்வகத்தில். நொதிகள் (என்சைம்கள்) எப்படி வேலை செய்கின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தார். அவற்றின் வேகம் ஹைட்ரஜன் அயனிகளின் செறிவைப் பொறுத்து ஏறி இறங்கியது. ஒவ்வொரு முறையும் அத்தனை பூச்சியங்களை எழுதிக்கொண்டிருக்காமல் அடுக்கை மட்டும் எழுதினார். பூச்சியம் எழுதிக் கை வலித்தவர்கள் கண்டுபிடிக்கும் உத்தி. அந்த 'பி' என்ற எழுத்து எதைக் குறிக்கிறது என்று இன்றைக்கும் சண்டை போடுகிறார்கள். 'அடுக்கு' என்று வைத்துக்கொண்டால் நம் வேலை நடக்கும். இன்னொன்று: பூச்சியமும் பதினான்கும் லட்சுமணன் கோடு போலப் பட்டையில் தெரிந்தாலும், அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் பூச்சியத்துக்குக் கீழேயே போகும். பரீட்சையில் எழுதாதீர்கள் என்று சொல்லிவிட்டுத்தான் இதைச் சொன்னேன்.

ஆக, அந்த ஞாயிறு செய்ய நினைத்தது இது. முதல் டம்ளரில் வடிகட்டிய எலுமிச்சைச் சாறு. அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்து இரண்டாவது டம்ளரில் விட்டு, ஒன்பது கரண்டித் தண்ணீர். பத்தில் ஒன்று ஆயிற்று. அதிலிருந்து ஒரு கரண்டி மூன்றாவதில், மறுபடி ஒன்பது கரண்டித் தண்ணீர். நூற்றில் ஒன்று. நான்காவதில் ஆயிரத்தில் ஒன்று. பிஎச் தாள் பாரிமுனையில் ஆய்வகச் சாமான் விற்கும் கடையில் வாங்கியது, தீப்பெட்டியை விடச் சின்னப் புத்தகம். எலுமிச்சைச் சாறு சுமார் இரண்டு. எனவே இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று தாள் படியேறிக் காட்டும். பத்து மடங்கின் அர்த்தம் கண்ணுக்குத் தெரியும். சுவரில் எழுதி வைத்ததும் அந்த நம்பிக்கையில்தான்.

கிடைத்தது: இரண்டு, இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் ஏதோ ஒன்று, நான்கு, ஏழு. முதலில் அசைய மறுத்து, பிறகு எகிறிக் குதித்திருந்தது.

பிள்ளைகளை அனுப்பிவிட்டு டம்ளர்களைக் கழுவும்போதுதான் உறைத்தது. நான் ஊற்றியது தெருக் கைப்பம்பில் பிடித்த தண்ணீர். பம்புத் தண்ணீர் வெறும் தண்ணீர் அல்லவே. அதில் பைகார்பனேட் கரைந்திருக்கிறது, ஆப்பச் சோடாவின் அதே வம்சம். எலுமிச்சை அதிகமாக இருந்தவரை அது தலைகாட்டவில்லை. ஆயிரத்தில் ஒன்றாக நீர்த்ததும், இருந்த கொஞ்ச அமிலத்தையும் பைகார்பனேட் விழுங்கிவிட்டது. தாள் பொய் சொல்லவில்லை. நான் தண்ணீரைக் கணக்கில் சேர்க்கவில்லை.

அடுத்த ஞாயிறு, மெக்கானிக் கடையிலிருந்து பேட்டரித் தண்ணீர் ஒரு கேன் வாங்கி வந்தேன். காய்ச்சி வடித்த நீர், உப்பே இல்லாதது. இந்த முறை சுவரில் எதையும் எழுதவில்லை. இரண்டு. அப்புறம் மறுபடியும் இரண்டு, கொஞ்சம் வெளிறி. மூன்றாவது டம்ளர் மூன்று. நான்காவது மூன்றையும் நான்கையும் பார்த்து இரண்டுங்கெட்டானாக நின்றது. ஆயிரம் மடங்கு தண்ணீர் ஊற்றியும் மொத்தமாக ஒன்றரைப் படிதான் ஏறியிருந்தது.

எலுமிச்சம்பழம் வேதியியலாளர்களைத் தண்ணீர் குடிக்க வைப்பது புதிதில்லை என்று பிறகு தேற்றிக்கொண்டேன். 1934-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஆர்னால்ட் பெக்மன் என்ற பேராசிரியரிடம் பழ விவசாயிகள் கூட்டமைப்பில் வேலை பார்த்த பழைய வகுப்புத் தோழர் ஒருவர் வந்து, எலுமிச்சைச் சாற்றின் அமிலத்தை அளக்க வழி கேட்டார். சாற்றில் சேர்த்திருந்த கந்தக டை ஆக்சைடு நிறத்தாள்களை வெளுத்துவிடுகிறது. தாளுக்குப் பதில் மின்சாரத்தைக்கொண்டு அமிலத்தை அளக்கும் கண்ணாடி மின்முனையில் வரும் மின்சாரமோ அளக்க முடியாத அளவுக்குச் சொற்பம். பெக்மன் அதைப் பழைய ரேடியோவில் இருப்பது போன்ற வால்வுகளால் பெருக்கி ஒரு பெட்டிக்குள் அடைத்துக் கொடுத்தார். இன்று ஆய்வகங்களில் இருக்கும் பிஎச் மீட்டருக்கு அந்தப் பெட்டிதான் பாட்டன்.

ஆனால் ஏன் ஒன்றரைப் படிதான் ஏறியது என்ற என் கேள்விக்கு மீட்டரும் விடை சொல்லாது. விடை கடையில் கிடைத்தது. மாலையில் கல்லாவை எண்ணும்போது, முதலாளி பீரோவைத் திறந்து சில்லறைக்காக ஒரு கட்டு எடுத்துக் கொடுத்தார். பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பிஎச் என்பது கல்லாவில் உள்ள பணம். பீரோவில் உள்ளது அதில் வராது.

எலுமிச்சைச் சாற்றில் எடையில் நூற்றுக்கு ஐந்தாறு பங்கு சிட்ரிக் அமிலம். ஆனால் அந்த மூலக்கூறுகளில் நூற்றுக்குச் சில மட்டுமே தம் ஹைட்ரஜன் அயனியைத் தண்ணீரில் விட்டிருக்கும். மற்றவை முடிச்சை அவிழ்ப்பதில்லை. தாள் பார்ப்பது விடப்பட்ட அயனிகளை மட்டும். தண்ணீரை ஊற்றி நீர்த்தால், கல்லா குறைந்ததைக் கண்டு பீரோ திறக்கிறது: இதுவரை பிரியாத மூலக்கூறுகள் கொஞ்சம் பிரிந்து அயனி தருகின்றன. அதனால்தான் பத்து மடங்கு நீர்த்தும் ஒரு முழுப் படி ஏறவில்லை. வலிமை குறைந்த அமிலம் என்று பாடத்தில் ஒரு வரியில் வருவதன் முழு உடம்பு இது. பீரோவில் இருப்பதையும் சேர்த்து எண்ண வேண்டுமென்றால் அதற்குத் தரம் பார்த்தல் என்ற வேறு வழி இருக்கிறது. எரிசோடாக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, கடைசி அயனிவரை வெளியே வரவைத்து எண்ணுவது. கல்லூரியில் பியூரெட்டைப் பிடித்துக்கொண்டு மூன்று வருடம் அதைச் செய்தேன். என்ன எண்ணுகிறேன் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

வலிமையான அமிலமும் அடர் அமிலமும் ஒன்று என்று பிள்ளைகள் குழப்பிக்கொள்வதும் இங்கேதான். வலிமை என்பது ஆளின் சுபாவம், எல்லாவற்றையும் கல்லாவில் போடுகிறானா, பூட்டி வைக்கிறானா. அடர்த்தி என்பது ஊரில் எத்தனை ஆட்கள் என்பது. இவ்வளவையும் சொல்லி முடித்ததும், முதல் வாரம் சந்தோஷப்பட்ட அந்தப் பையன், "அப்படியென்றால் ஊதாரி அமிலம் ஒன்றை வைத்துச் செய்து காட்டுங்கள் மிஸ்" என்றான்.

செய்தோம். பக்கத்துப் பள்ளியில் வேதியியல் எடுக்கும் என் தோழி சனிக்கிழமை மாலை ஆய்வகத்தைத் திறந்துவிட்டாள். லிட்டருக்கு 0.1 மோல் ஹைட்ரோகுளோரிக் அமிலம், அவள் முன்பே நீர்த்து வைத்தது. (அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் அல்ல, தெறிக்கும். இதை மட்டும் நான் சொல்லாமலே ஐந்து பேரும் கோரஸாகச் சொன்னார்கள்.) தாள் ஒன்று. அடுத்த சோதனைக் குழாயில் இரண்டு. மூன்று. நான்கு. சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் என்று வரிசையாக நின்றதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். மூன்று வாரத்துக்குப் பிறகு ஒரு படிக்கட்டு படிக்கட்டாக நடந்துகொண்டது.

அங்கேதான் அந்தக் கேள்வி வந்தது. ஆறுதான் அதிகப் புளிப்பா என்று முதல் நாள் கேட்டவள். "இப்படியே நீர்த்துக்கொண்டே போனால் எட்டாவது குழாயில் பிஎச் எட்டு வருமா? அமிலத்தில் தண்ணீர் சேர்த்தே காரம் செய்துவிடலாமா?"

இந்த மாதிரிக் கேள்வி ஒரு வருடத்துக்கு ஒன்று வந்தால் போதும். ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் போனதற்கு வட்டியோடு திரும்பி வந்துவிட்டது.

வராது. தண்ணீர் சும்மா இருப்பதில்லை. தன் மூலக்கூறுகளில் ஏறத்தாழ 55 கோடியில் ஒன்றைத் தானே பிளந்து, ஒரு ஹைட்ரஜன் அயனியும் ஒரு ஹைட்ராக்சைடு அயனியும் வைத்துக்கொண்டிருக்கிறது. நாம் ஏழில் பார்த்த அந்த 0.0000001 அதுதான். நாம் சேர்க்கும் அமிலம் அதற்கும் கீழே போய்விட்டால், கடலில் கரைத்த பெருங்காயம். எட்டாவது குழாயைக் கணக்குப் போட்டால் 6.98 வரும். எவ்வளவு நீர்த்தாலும் ஏழை நெருங்கும், தாண்டாது. உண்மையில் குழாயில் அந்த 6.98-ஐயும் பார்க்க முடியாது. திறந்து வைத்த வடிநீர் காற்றிலிருந்து கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு தானாகவே 5.6 பக்கம் இறங்கிவிடும். மழைத்தண்ணீரும் அப்படித்தான், எந்தப் புகையும் கலக்காத சுத்தமான மழைகூட.

இதைச் சொல்லி வைத்தது நல்லதாயிற்று. அடுத்த வாரம் ஒருவன் வீட்டிலிருந்து கேன் தண்ணீரைச் சோதித்துவிட்டு ஓடி வந்தான், தாள் ஆறு காட்டுகிறது, நாங்கள் அமிலம் குடிக்கிறோம் என்று. உப்புகளை வடிகட்டி எடுத்துவிட்ட தண்ணீருக்கு எதிர்த்து நிற்கத் திராணி கிடையாது, கொஞ்சம் காற்று பட்டாலே சரிந்துவிடும். குடிநீருக்கான இந்தியத் தர அளவு 6.5 முதல் 8.5 வரை. அவ்வளவு துல்லியமாகச் சொல்ல இந்தத் தாளுக்கே யோக்கியதை இல்லை. அவன் அம்மாவிடம் எலுமிச்சை சாதத்தைக் கவலையில்லாமல் சாப்பிடுகிறீர்களே என்று சொல்லி அனுப்பினேன்.

இன்னொரு பக்கம், காரத் தண்ணீர் என்று பிஎச் ஒன்பது போட்டு விலைக்கு விற்கிறார்கள். வயிற்று அமிலத்தைச் சரிசெய்யுமாம். இதற்குப் புள்ளிக் கணக்கே போதும். ஒன்பது என்றால் லிட்டருக்கு 0.00001 மோல் ஹைட்ராக்சைடு (பதினான்கில் ஒன்பது போக ஐந்து, எனவே ஐந்தாவது இடம்). வயிற்று அமிலம் இரண்டு என்று வைத்தால் லிட்டருக்கு 0.01 மோல் ஹைட்ரஜன் அயனி. அதாவது ஒரு மில்லிலிட்டரில் 0.00001. அந்தத் தண்ணீரின் ஹைட்ராக்சைடை மட்டும் நம்பினால், ஒரு லிட்டர் முழுதும் குடித்தால் வயிற்றில் ஒரு மில்லிலிட்டர் அமிலம் சமன்படும். பிள்ளைகள் இந்தக் கணக்கைத் தாங்களே போட்டு முடித்தபோது அவர்கள் முகத்தில் வந்த கோபம் எனக்குப் பிடித்திருந்தது.

இதுவரை அமிலத்தைப் பற்றியே பேசிவிட்டேன். எங்கள் பேட்டை உண்மையில் காரத்தின் பேட்டை.

முதலில் அந்தச் சொல்லே ஒரு வம்பு. சென்ற வருடம் ஒரு பையன் பரீட்சையில் காரத்துக்கு எடுத்துக்காட்டு மிளகாய்த்தூள் என்று எழுதி மதிப்பெண் இழந்தான். வீட்டில் பதினான்கு வருடம் கேட்ட சொல்லை நம்பியது ஒரு குற்றமா? மிளகாயின் எரிச்சல் கேப்சைசின் என்ற வேறு சரக்கு. அதற்கும் இந்தக் காரத்துக்கும் சம்பந்தம் கிடையாது. பழைய சொற்களை நம்பியும் போக முடியாது. வெண்காரம் தண்ணீரில் கரைந்தால் காரமாகவே இருக்கும். படிகாரத்தைக் கரைத்துத் தாளை நனைத்தால் சிவக்கிறது, அது அமிலம். பெயரில் காரம், குணத்தில் புளிப்பு. ஆயா காலத்தில் சோப்புக்குச் சவுக்காரம் என்று பெயர். சௌகார்பேட்டை சவுக்காரம் விற்கிற பேட்டை என்றுதான் பத்து வயதுவரை நம்பியிருந்தேன். அது சாகுகார் என்ற வணிகர்களால் வந்த பெயர்.

வண்ணாரப்பேட்டையின் பெயரில் மட்டும் ஏமாற்று இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் துணி வெளுத்தவர்கள் குடியிருந்த இடம். என் தாத்தாவும் ஆயாவும் சலவைத் தொழிலில்தான் இருந்தார்கள். ஆயா சிறுமியாக இருந்தபோது உவர்மண் கரைத்த தண்ணீர். நான் பார்க்கும்போது மூட்டையில் வரும் சலவைச் சோடா. கரைசலில் முக்கிய துணிகளை வெள்ளாவிப் பானையின் மேல் வளையமாக அடுக்கிக் கட்டி, கீழே நெருப்பு மூட்டி, இரவெல்லாம் ஆவியில் வேக விடுவார்கள். விடியற்காலையில் அந்தத் தெருவில் ஒரு வாசனை வரும், வெந்த துணியும் சாம்பலும் கலந்தது.

சோடா போதுமா என்று ஆயா பார்க்கும் விதம் இப்போதும் கண்முன் நிற்கிறது. தொட்டியில் கையை விட்டு எடுத்து, கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் தேய்ப்பாள். வழுக்கினால் தலையசைப்பு. பிடித்தால் இன்னும் ஒரு பிடி. புத்தகத்தில் 'காரங்கள் தொட்டால் வழுவழுப்பாக இருக்கும்' என்று ஒரு வரி இருக்கிறது. ஏன் வழுக்குகிறது என்று அங்கே போடவில்லை. காரம் நம் தோலின் எண்ணெய்ப் பசையைச் சோப்பாக மாற்றுகிறது. வழுக்குவது தொட்டியின் தண்ணீர் மட்டும் இல்லை, நாமும் கொஞ்சம்தான். அறுபது வருடம் அப்படித் தேய்த்த விரல்கள். ரேஷன் கடையில் கைரேகை இயந்திரம் வந்தபோது ஆயாவின் பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள். இயந்திரத்துக்கு ஒரு கோடுகூடக் கிடைக்கவில்லை.

மஞ்சள் கறை பட்ட வேட்டியைச் சோடாவில் போட்டால் இரத்தம் போலச் சிவக்கும். முதன்முறை பார்த்து நான் அலறினேன். ஆயா, "ஆரத்தித் தண்ணீரை நீ பார்த்ததில்லையா?" என்றாள். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் வருகிற அதே சிவப்பு. காரம் பட்டால் மஞ்சள் நிறம் மாறும், அலசினால் பழைய மஞ்சளுக்குத் திரும்பும், வெயிலில் போட்டால் கறையே வெளிறிப்போகும். இங்கிலாந்தில் ராபர்ட் பாயில் 1664-இல் ஊதாப்பூச் சாற்றை அமிலத்தில் சிவக்கவைத்து, காரத்தில் பச்சையாக்கி, இதைக்கொண்டு பொருள்களைப் பிரித்தறியலாம் என்று எழுதினார். எழுதி வைத்ததுதான் பெரிய காரியம், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆரத்தித் தட்டை இத்தனை நூற்றாண்டாகச் சுற்றிய நாம் ஒரு வரியும் எழுதவில்லை.

ஐரோப்பாவிலும் துணி வெளுப்பது காரமும் அமிலமும் மாறி மாறித்தான். சாம்பல் நீரில் ஊறவைத்து, பிறகு புளித்த மோரில் வாரக்கணக்கில் போடுவார்கள். 1750-களில் எடின்பரோவில் பிரான்சிஸ் ஹோம் என்ற மருத்துவர், மோருக்குப் பதில் நீர்த்த கந்தக அமிலத்தைப் போட்டால் சில மணி நேரத்தில் வேலை முடியும் என்று காட்டினார். கந்தக அமிலத் தொழிற்சாலைகள் பெருத்ததற்குத் துணி ஒரு பெரிய காரணம். ஆங்கிலத்தில் காரத்துக்குச் சொல்லும் அல்கலி என்ற பெயர் அரபியில் உவர்நிலச் செடியின் சாம்பலைக் குறிப்பது. பழவேற்காட்டுக் கழிமுகத்தில் சிவந்து கிடக்கும் நம் உமரிச் செடியும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான்.

அமிலம் என்றால் பயம், காரம் என்றால் சோப்பு என்று பிள்ளைகள் மனத்தில் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். அந்தக் கோட்டை நான் அழிப்பதற்குள் எண்ணூர் அழித்துவிட்டது. 2023 டிசம்பர் 26 இரவு, பெரியகுப்பம் பக்கம் கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. என்னிடம் படிக்கும் பெண் ஒருத்தியின் சித்தப்பா குடும்பம் ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு நள்ளிரவில் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடியிருக்கிறது. மறு ஞாயிறு அவள் கேட்டாள்: "கண் அப்படி எரிந்ததாம். அமோனியா அமிலம்தானே மிஸ்?"

காரம். தண்ணீரைக் கண்டால் விடாமல் கரையும் வாயு. கண்ணிலும் தொண்டையிலும் இருக்கும் ஈரத்தில் கரைந்து அங்கேயே காரமாகிறது. ஈரத்துணி ஓரளவு உதவியதற்கும் அதே காரணம், வாயு துணியின் தண்ணீரில் கரைந்துவிடுகிறது. கண்ணைப் பொறுத்தவரை காரம் அமிலத்தை விடப் பொல்லாதது. அமிலம் மேல் திசுவை உறைய வைத்துத் தனக்கே ஒரு தடுப்பு போட்டுக்கொள்ளும், காரம் கொழுப்பைச் சோப்பாக்கிக் கரைத்துக்கொண்டு உள்ளே இறங்கும். ஆயாவின் விரலில் நடந்ததுதான், கண்ணில். வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பாவைக் குழந்தைக்கு விளையாடக் கொடுக்காதீர்கள் என்று அன்று கூடுதலாக ஒரு பத்து நிமிடம் பேசினேன். பட்டுவிட்டால் எலுமிச்சை பிழிந்து சமன் செய்கிறேன் என்று யாராவது கிளம்புவார்கள், கூடாது. வெறும் தண்ணீர், நிறையத் தண்ணீர், விடாமல், பிறகு ஆஸ்பத்திரி. கழிவறைக்கு ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்த்து ஊற்றுவதும் அதே வகைப் புத்திசாலித்தனம், குளோரின் வாயு வரும்.

பரீட்சைக்கு இதில் எதுவும் வராது என்று ஒரு தகப்பனார் என்னிடம் நேராகவே சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னது நியாயம். பட்டையை வரைந்து வண்ணம் தீட்டினால் மதிப்பெண் கிடைக்கும். கரைசலில் அயனிகள் இருக்கின்றன என்று 1884-இல் ஆய்வேடு எழுதிய அர்ரீனியஸ் என்ற வேதியியலாளருக்கே சுவீடனில் தேர்ச்சிக்கு மேல் ஒட்டிக்கொண்ட மதிப்பெண்தான் கொடுத்தார்கள். நோபல் பரிசு 1903-இல் வந்தது. அதைத் தகப்பனாரிடம் சொல்லவில்லை. மகனைத் தொடர்ந்து அனுப்புகிறார், அது போதும்.

போன வாரம் மீதமிருந்த தாள்களை ஆளுக்கு ஐந்தாகக் கிழித்துக் கொடுத்து, வீட்டில் எதையாவது பார்த்து எழுதி வரச் சொன்னேன். ஊதாரி அமிலம் கேட்ட அந்தப் பையன் இட்லி மாவை எடுத்துக்கொண்டான். இன்று காலை ஆறரைக்கு அவன் அம்மாவின் போனிலிருந்து செய்தி வந்தது. இரவு ஒன்பது மணி: ஆறு. பன்னிரண்டு மணி: ஆறு மாதிரி. மூன்று மணி: எழுந்திருக்கவில்லை. காலை ஆறு மணி: நான்குக்கும் ஐந்துக்கும் நடுவில், மாவு பொங்கித் தரையில். அதற்குக் கீழே அம்மாவே தட்டியது ஒரு வரி. இரவில் மூடியைத் திறந்து திறந்து பார்த்தானாம், இன்றைக்கு இட்லி சரியாக வராவிட்டால் நான்தான் பொறுப்பாம்.